உடலின் எடையும் மனிதரின் மதிப்பும்

துணைத்தலைப்பைக் கொண்டு ஒரு நூலை எடைபோடுவது திறனாய்வுக்கு அழகன்று. எனினும், ஓர் இயக்கத்தின் நிறையும் குறையும் ஒரு துணைத்தலைப்பிலேயே ஒருசேர அமைந்துவிடுவதும் உண்டு. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லூ லௌடர்பேக் என்பார் வெளியிட்ட 'ஃபேட் பவர்' அத்தகைய நூல். அதனைத் தமிழில் 'பருத்தோர் வலிமை' எனலாம். 'உன் எடை எதுவோ அதுவே சரி' என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள்.

இந்தச் சிறு தொடருக்குள் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. பருத்த உடலினர் பிறரைப் போலவே மதிக்கத்தக்கவர். அவர்க்கு வேலையும் கல்வியும் மருத்துவமும் மறுக்கப்படலாகாது என்பது ஒன்று. உடலின் எடைக்கும் உடல்நலத்துக்கும் உலகம் சொல்லும் அளவுக்குத் தொடர்பில்லை என்பது மற்றொன்று. முன்னது அறம் பற்றியது. பின்னது மருத்துவ உண்மை பற்றியது. முன்னதை நிலைநாட்ட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பின்னதை நிலைநாட்ட அறவுணர்வு மட்டும் போதாது. இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் பிணைத்துவிட்டதே பருமன் ஏற்பு இயக்கத்தின் எழுத்துகளில் நாம் காணும் பெருங்குறை. அவ்வியக்கத்தை எதிர்த்து எழுதுவோரிடமும் இதே குறை தலைகீழாக நிற்கிறது. பருமன் நோய்க்கு வழி என்பதால் பருத்தவரை ஏளனம் செய்யலாம் என்னும் உரிமையை அவர்களுள் பலர் தாமே எடுத்துக்கொள்கின்றனர்.

இவ்வெழுத்துகளுள் குறிப்பிடத்தக்க மூன்று நூல்களையும், அவற்றுக்கிடையே நிகழ்ந்த மருத்துவ வழக்கையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். இது கடல்கடந்த நாட்டின் வழக்கு என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டா. அதில் நமக்கும் பங்குண்டு. எவ்வாறென்பது பின்னர் விளங்கும்.

வீதியில் பிறந்த வாதம்

1967ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடினர். உடல் இளைக்க வழிகூறும் நூல்களையும், மெலிந்த உடலுக்குப் பெயர்பெற்ற ட்விக்கி என்னும் விளம்பர மங்கையின் படத்தையும் தீயிலிட்டனர். பாதி வேடிக்கையும் பாதி வினையுமாக நடந்த கூட்டம் அது. அவ்வாண்டு நவம்பரில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் லௌடர்பேக்கின் கட்டுரை வெளியாயிற்று. இன்னும் பலர் பருமனாக இருக்க வேண்டும் என்பதே அதன் தலைப்பு. உடலை வருத்தி இளைக்கச் செய்யும் முயற்சியைத் தாமும் தம் மனைவியாரும் கைவிட்ட பின்னரே அவர் அதனை எழுதினார். வில்லியம் ஃபேப்ரி என்னும் இளம் பொறியாளர் அக்கட்டுரையைப் படித்தார். பருத்த உடலினரான தம் மனைவியை உலகம் நடத்தும் விதம் கண்டு உள்ளம் கொதித்திருந்தவர் அவர். கட்டுரையின் படிகளை எடுத்துப் பலர்க்கும் வழங்கினார். 1969இல் பருத்த அமெரிக்கர்க்கு உதவும் தேசியச் சங்கம் அவர் முயற்சியால் பிறந்தது.

சங்கத்தின் குரல் மென்மையானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற பெயரில் திரண்ட பெண்களின் குரல் வன்மையானது. 1973 நவம்பரில் அக்குழுவின் ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டபரான் ஆகிய இருவரும் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். வாழ்வின் எல்லாத் துறைகளிலும் சமவுரிமை கோரிய அவ்வறிக்கை, எடைக் குறைப்பை விற்றுப் பிழைக்கும் தொழில்களைப் பகை என்றே சாற்றியது. அப்பெண்கள் மருத்துவ நூலகங்களுக்குச் சென்று ஆய்வேடுகளைத் தாமே படித்தனர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

அவர்கள் கேட்டவை யாவை? அமர ஓர் இருக்கை. உடுக்க அளவான உடை. தகுதியிருந்தும் எடையைக் காட்டி மறுக்கப்படாத வேலை. சொன்ன நோயைச் செவிமடுக்கும் மருத்துவர். காதுவலி என்று போனாலும், 'முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா' என்னும் ஒரே விடை கிடைப்பதை இவ்வியக்கத்தின் எழுத்துகள் ஓயாமல் முறையிடுகின்றன. இம்முறையீடு வெறும் மனத்தாங்கல் அன்று. இகழ்ச்சிக்கு அஞ்சியவர் மருத்துவரை நாடுவதையே தள்ளிப்போடுகிறார். அதனால் காலத்தே கண்டிருக்க வேண்டிய நோயும் முற்றிவிடுகிறது. 1976இல் மிச்சிகன் மாநிலம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் எடையைக் காரணமாக்கி வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது. நியூயார்க் நகரம் அத்தகைய சட்டத்தை இயற்ற 2023ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு இன்றும் இல்லை.

அவர்கள் தங்களுக்கென்று தேர்ந்த சொல்லையும் நாம் கருத வேண்டும். மருத்துவரின் கலைச்சொல்லையும் கடைக்காரரின் இடக்கரடக்கலையும் தள்ளிவிட்டு, வீதியில் வசையாக வழங்கிய 'ஃபேட்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். தமிழில் அதற்கு நேரான சொல் 'பருமன்' அன்று, 'குண்டு' என்பதே. வகுப்பறையில் பட்டப்பெயராகவும், திரைப்படத்தில் சிரிப்பு மூட்டும் அடைமொழியாகவும் நாம் பழகிவிட்ட சொல் அது. அதை ஒருவர் தாமே தம் பெயராக ஏற்று நிமிர்ந்து நிற்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வியக்கத்தின் முதற்கூற்றினது வலிமை விளங்கும்.

இரு நூல்கள், இரு வழுக்கல்கள்

லௌடர்பேக்கின் நூலுக்கு இதழியல் எழுத்துக்குரிய வேகம் உண்டு. மெலிவே அழகு என்பது இயற்கையின் கட்டளையன்று, ஒரு காலத்தின் ஒரு சமுதாயத்தின் விருப்பமே என்பதை அவர் துணிந்து கூறினார். அவர் எழுதிய நாளில் 'உகந்த எடை' என்று அமெரிக்க வீடுகளில் வழங்கிய அட்டவணை பெரும்பாலும் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940களில் வகுத்ததும் 1959இல் திருத்தியதுமே ஆகும். காப்பீடு எடுக்கும் வசதி பெற்றோரின் கணக்கிலிருந்து பிறந்த அளவு, நாட்டிலுள்ள எல்லா உடல்களுக்கும் சட்டமாயிற்று. இதனை ஐயுறுவதற்கு அவர் தலைமுறைக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால், ஓர் அளவுகோல் பழுதுடையது என்று காட்டுவது வேறு. அளக்கப்படும் பொருளே இல்லை என்பது வேறு. 'எதுவாயினும் சரி' என்ற இடத்தில் லௌடர்பேக் முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவிவிடுகிறார்.

1978இல் வெளிவந்த சூசி ஆர்பக்கின் 'ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ' இதனினும் ஆழமான நூல். ஆர்பக் உளமருத்துவர், 1976இல் லண்டனில் பெண்களுக்கான உளமருத்துவ நிலையமொன்றைத் தோழியரோடு நிறுவியவர். பருமன் பெண்ணுரிமை பற்றிய செய்தி என்பது நூற்பெயரின் கருத்து. அளவின்றி உண்ணும் பெண்ணை மனவடக்கம் அற்றவள் என்று உலகம் பழிக்கிறது. ஆர்பக்கோ, அவள் ஏன் உண்கிறாள் என்று வினவுகிறார். பிறர்க்கு ஊட்டுவதைக் கடமையாகவும் தான் உண்பதைக் குற்றமாகவும் கற்பிக்கப்பட்ட ஒருத்தி, தன் சினத்தையும் மறுப்பையும் சொல்ல வேறு மொழியின்றி உடலால் சொல்கிறாள் என்பது அவர் கண்ட விடை. ஊருக்கெல்லாம் சமைத்து, அனைவரும் உண்டபின் அடுக்களையில் தனித்து உண்ணும் பெண்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இந்த விடை அயலாகாது.

ஆயினும் ஆர்பக்கின் நூலுக்குள்ளும் ஒரு முரண் உண்டு. பத்தியத்தை விட்டொழியுங்கள் என்று முழங்கிய அந்நூல், பத்தியமின்றியே எடை நிலையாகக் குறையும் என்னும் வாக்குறுதியைத் தொடக்கப் பதிப்புகளின் அட்டையிலேயே தாங்கி வந்தது. உள்ளம் விடுதலை பெற்றால் உடல் மெலிந்துவிடும் என்றால், மெலியாத பெண் இன்னும் விடுதலை பெறாதவள் என்றன்றோ ஆகும்? பருமனாக இருந்தும் மனநலத்தோடு வாழ்பவளுக்கு அந்நூலில் இடமில்லை. இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் அதனைக் குறைகூறியது நியாயமே. லௌடர்பேக் மருத்துவத்தை மறந்தார். ஆர்பக் மதிப்பை மெலிவோடு மறைமுகமாகக் கட்டினார்.

எண்களின் வழக்கு

இனி மருத்துவ வழக்குக்கு வருவோம். இன்று எங்கும் வழங்கும் அளவுகோல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் எண் அது. இக்கணக்கின் மூலத்தை 1830களில் வகுத்த பெல்ஜிய நாட்டு அடால்ஃப் கெத்லே மருத்துவரல்லர். மக்கள்தொகையின் சராசரிகளைத் தேடிய கணிதவாணர். 1972இல் ஆன்சல் கீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். 1998இல் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் மிகையெடையின் எல்லையை 25 என்று தாழ்த்தியது. அதற்குமுன் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்தது. ஓர் எல்லைக்கோடு நகர்ந்ததால், ஒரு கிலோவும் கூடாமலே கோடிக்கணக்கானோர் மிகையெடையினர் ஆயினர்.

இயக்கத்தார்க்குப் பெருந்துணையாக வந்தவை கேத்தரின் ஃப்ளெகல் என்னும் அரசுப் புள்ளியியல் ஆய்வாளரின் ஏடுகள். 2004இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார், தவறான உணவும் உழைப்பின்மையும் ஆண்டுக்கு 4,00,000 உயிர்களைக் கவர்வதாக அறிவித்தனர். அடுத்த ஆண்டே அந்த எண் 3,65,000 எனத் திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே ஃப்ளெகல் குழுவினர், பருமனால் நேரும் மிகைச் சாவுகள் ஏறத்தாழ 1,12,000 என்று கணக்கிட்டனர். 2013இல் அவர் 97 ஆய்வுகளை, 28 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் விவரங்களோடு தொகுத்தபோது, 25க்கும் 30க்கும் இடைப்பட்ட குறியீடுடையோரின் சாவு வீதம் அளவான எடையினரைவிட ஆறு விழுக்காடு குறைவாக இருக்கக் கண்டார். ஹார்வர்டு பேராசிரியர் சிலர் அவ்வேட்டைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்தனர். புகைபிடிப்போரும் நோயால் மெலிந்தோரும் அளவான எடையினரோடு கலந்துவிட்டதால் கணக்குப் பிறழ்ந்தது என்பது அவர்தம் மறுப்பு. 2016இல் 'லான்செட்' இதழில் வந்த பன்னாட்டுத் தொகுப்பாய்வு, ஒருபோதும் புகைபிடிக்காதவரும் நாட்பட்ட நோயில்லாதவருமான ஏறத்தாழ 40 இலட்சம் பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. 20க்கும் 25க்கும் இடையிலேயே சாவு வீதம் மிகக் குறைவு என்று அது முடிவு கூறிற்று.

ஃப்ளெகல் நேர்மையான அறிவியலார். ஆனால், அவர் சொல்லாததை அவர் வாய்மொழியாக்கியோர் இரு பக்கத்திலும் இருந்தனர். சற்றே மிகுந்த எடை பற்றிய அவருடைய முடிவை எல்லாப் பருமனுக்கும் நீட்டியோர், குறியீடு 35ஐக் கடந்தால் சாவு வீதம் தெளிவாக ஏறுவதை அதே ஏடு காட்டியதை மறைத்தனர். நீரிழிவு, மூட்டுத் தேய்வு, உறக்கத்தில் மூச்சுத்தடை, பதின்மூன்று வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றோடு மிகைக் கொழுப்புக்குத் தொடர்புண்டு என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. அவற்றை மூடிவைப்பது நோயாளிக்குச் செய்யும் உதவியாகாது.

அதே வேளையில், 'வாயைக் கட்டினால் வயிறு குறையும்' என்று எளிதாகப் பேசுவோர் மறைக்கும் சான்றுகளும் உண்டு. தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடை இழந்த பதினால்வரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016இல் ஓர் ஏடு வந்தது. பதின்மூவர் இழந்த எடையின் ஒரு பகுதியையேனும் மீண்டும் பெற்றிருந்தனர். அவர்தம் உடல்கள் ஓய்வில் எரிக்கும் ஆற்றலோ, எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே நின்றது. இழந்த எடையைத் திரும்பப் பெற உடலே சூழ்ச்சி செய்கிறது. நீரிழிவுடைய 5,145 பேரைப் பத்தாண்டளவு தொடர்ந்து, உணவாலும் உடற்பயிற்சியாலும் எடையைக் குறைக்கச் செய்த அமெரிக்க ஆய்வு 2013இல் முடிவு கண்டது. சர்க்கரைக் கட்டுப்பாடும் உறக்கமும் சீரடைந்தன. மாரடைப்பு முதலியன குறையவில்லை. உறுதியில்லாதவரே பருமனாக இருப்பர் என்னும் பழமொழித் தீர்ப்பு இச்சான்றுகளின் முன் நில்லாது.

நம் உடலின் சாட்சி

இவ்வழக்கில் நமக்கும் பங்குண்டு என்றோம். 2004ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இரு மருத்துவரின் படம் வந்தது. ஒருவர் புணே நகரத்துச் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவர்க்கும் குறியீடு 22.3, இருவரும் மெலிந்தவரே. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. தென்னாசியர்க்கு ஒல்லியான தோற்றத்துக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு அப்படமே விளக்கமாயிற்று. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23 என்னும் குறியீட்டிலேயே எச்சரிக்கை வேண்டும் என்றது. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்று மதிப்பிட்டது.

இந்தச் சாட்சி இரு தரப்பாரையும் திருத்துகிறது. கண்ணால் பார்த்து நலத்தையும் நோயையும் சொல்லிவிடலாம் என்போரை அது மறுக்கிறது. பருத்த உறவினரைப் பார்த்து நகைக்கும் மெலிந்தவரின் இரத்தத்திலேயே சர்க்கரை மிகுந்திருக்கக்கூடும். உடற்கொழுப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்போரையும் அது மறுக்கிறது; இலைக்கு எட்டாத அளவில் உள்ளுறுப்புகளைச் சூழும் கொழுப்பே நம் மக்களை வாட்டுகிறது. அமெரிக்க உடலை அளவாக வைத்து எழுதப்பட்ட ஆறுதல் நூல்களை நம் வீட்டில் அப்படியே படித்துவிட இயலாது. அந்நாட்டு ஏளனத்தை அப்படியே இறக்குமதி செய்யவும் வேண்டியதில்லை.

'பசி'யின் நேர்மை

இத்துறை எழுத்துகளுள் தலைசிறந்தது எது என்று கேட்பின், 2017இல் வெளிவந்த ரோக்சேன் கேயின் 'ஹங்கர்' என்னும் தன்வரலாற்றையே நாம் காட்டுவோம். 'பசி' என்பது அதன் பொருள். ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்தவர் கே. பன்னிரண்டு வயதில் அவருக்குக் கொடிய வன்முறை நேர்ந்தது. அதைப் பெற்றோரிடமும் சொல்ல இயலாத சிறுமி, இனி எவரும் தன்னை நெருங்காதவாறு உடலையே கோட்டையாக எழுப்ப உண்டாள். ஒரு காலத்தில் அவர் எடை 577 பவுண்டு, ஏறத்தாழ 262 கிலோகிராம். மெலிந்து வென்ற கதையைத் தம்மிடம் எதிர்பார்க்க வேண்டா என்று தொடக்கத்திலேயே அவர் வாசகரை எச்சரித்துவிடுகிறார்.

விமானத்தின் இருக்கையும், உணவகத்து நாற்காலியின் கையும், மேடையேறும் படியும் ஒருவரை நாள்தோறும் எவ்வாறு சிறுமைப்படுத்தும் என்பதைக் குறுகிய அத்தியாயங்களில், அணியேதுமற்ற நடையில் அவர் எழுதுகிறார். அந்நடையே நூலின் வலிமை. தம் உடலைத் தாம் நேசிக்கக் கற்றுக்கொண்டதாக அவர் பறைசாற்றவில்லை. அவ்வுடல் தம்மை வருத்துவதையும் ஒப்புகிறார். அதற்காகத் தம்மை இகழ உலகுக்கு உரிமையில்லை என்பதிலும் உறுதியாக நிற்கிறார். லௌடர்பேக் பிணைத்த இரு கூற்றுகளையும் கே அவிழ்த்துவிட்டார் என்று நாம் கருதுகிறோம். 2018இல் அவர் இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டு, அதனை வெளிப்படையாகவும் எழுதினார். இயக்கத்தாருள் சிலர் அதனைக் கைவிடலாகக் கண்டனர். 'ஹங்கர்' நூலைக் கருத்தூன்றிப் படித்தோர்க்கு அதில் முரண் ஏதும் தோன்றாது. தம் உடலுக்கு வேண்டிய மருத்துவத்தைத் தாமே தேர்வதும் மதிப்பின் ஒரு கூறுதானே?

மருந்து வந்த பின்

இவ்வழக்கின் புதிய கட்டம் 2021இல் தொடங்கிற்று. செமாக்ளூடைட் என்னும் ஊசிமருந்தை எடைக் குறைப்புக்கு அமெரிக்க அரசு அவ்வாண்டு ஒப்புக்கொண்டது. 2023இல் முடிந்த ஆய்வு, நீரிழிவில்லாத ஆனால் இதயநோயுடைய 17,604 பேரைக் கொண்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றை அம்மருந்து இருபது விழுக்காடு குறைத்தது. மருந்தை நிறுத்தியோர் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றனர் என்று 2022இல் வேறோர் ஆய்வு காட்டியிருந்தது. பசியும் நிறைவும் மன உறுதியின் ஆட்சியில் மட்டும் இல்லை, குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் சுரப்புநீர்களின் ஆட்சியிலும் உள்ளன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

2025 சனவரியில் 'லான்செட்' குழுமத்தைச் சேர்ந்த இதழொன்றின் வல்லுநர் குழு, குறியீட்டை மட்டும் வைத்து எவரையும் நோயாளி என்று சொல்லலாகாது என்றது. மிகைக் கொழுப்பால் உறுப்புகள் கெட்டிருப்பின் அது நோய். கெடாதிருப்பின் அது நோய்க்கு முந்திய நிலை, கண்காணிக்கத்தக்கது என்று இரண்டாகப் பிரித்தது. ஐம்பதாண்டுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ் பெண்கள் எழுப்பிய ஐயத்தில் பாதியை மருத்துவ உலகம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது. மறுபாதியை ஏற்கவில்லை, ஏற்க வேண்டியதும் இல்லை.

இங்கேதான் நாம் முதலில் சுட்டிய பிணைப்பின் தீங்கு முழுதும் வெளிப்படுகிறது. பருமன் தீங்கற்றது, ஆதலால் பருத்தவரை மதியுங்கள் என்று வாதிட்டால், பருமன் தீங்குடையது என்று ஓர் ஆய்வு வந்த அன்றே அந்த மதிப்பு ஆட்டங்காணும். எடையை மாற்ற இயலாது, ஆதலால் இகழாதீர்கள் என்று வாதிட்டால், மாற்ற ஓர் ஊசி வந்த அன்றே 'ஊசி போட்டுக்கொள்ளாதவர் குற்றவாளி' என்று உலகம் சொல்லும், சொல்லத் தொடங்கியும்விட்டது. விலை கொடுத்து வாங்க இயலாத ஏழைக்கு அப்பழி இரட்டிப்பாகும். மனிதரின் மதிப்பை ஆய்வேட்டின் எண்ணோடு கட்டியவர்கள் இவ்விடத்தில் விடையின்றி நிற்பர். காசநோயாளியையும் இதயநோயாளியையும் நாம் மதிப்பது அவர் நோயற்றவர் என்பதாலா?

ஆதலின், இத்துறையில் இனி எழுதுவோரிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே. மருத்துவ உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதட்டும். மதிப்புக்கான கோரிக்கையை அவ்வுண்மையின் தயவில் நிறுத்தாமல் தனியே எழுதட்டும். வாசகர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பெண்பார்க்கும் கூடத்திலும், விருந்துப் பந்தியிலும், பள்ளி விட்டு வரும் பிள்ளையை வரவேற்கும் வாசலிலும் உடலைப் பற்றி நாம் உதிர்க்கும் சொற்கள் பல. அவற்றுள் எத்தனை அக்கறையால் பிறந்தவை, எத்தனை சிரிப்புக்காகப் பிறந்தவை என்று பிரித்துப் பார்ப்போம். அக்கறை உண்மையாயின், இரத்தத்தைச் சோதிக்க உடன் சென்று வரலாம்; உண்ணும்போது பக்கத்தில் அமரலாம்; மாலையில் சேர்ந்து நடக்கலாம். இவற்றுள் எதற்கும் 'குண்டு' என்ற சொல் தேவைப்படாது.